பெயர் தெரியாதவர் போகும் அறை

சூலியா தெரு, பினாங்கு
4 ஆகஸ்டு 2025

கோகிலா அண்ணிக்கு,

நேராகக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் சர்வருக்குள் போனீர்களா?

அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருவர் நீங்கள். மூன்றாவது ஆள் அரவிந்த் அண்ணன், அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நான் எதையும் உடைக்கவில்லை. மிச்சம் நீங்கள்தான்.

விஷயம் இதுதான். ஹனீபா மாமாவின் பணம் மாற்றும் கடைக்கு மேல்மாடியில் அண்ணன் வைத்து, நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்ட அதே மெஷின், அதே இரும்பு அலமாரியில் இன்னும் ஓடுகிறது. ஆறு கடைகளின் வெப்சைட் அதற்குள் இருக்கிறது. கொஞ்ச நாளாக மாமாவின் வெப்சைட்டைத் திறந்தால் சிலருக்கு ரேட் வருகிறது, சிலருக்கு அரவிந்த் அண்ணனின் சொந்தப் பக்கம் வருகிறது. அந்தப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். நீலச் சட்டை, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி, பக்கத்தில் பச்சைப் புள்ளி, கீழே "இருக்கிறேன். சொல்லுங்க."

தையல் கடை நூர்ஜான் அக்கா போனைக் கீழே போட்டுவிட்டாராம். ஹனீபா மாமா படி ஏறி வந்து கத்துகிறார். "டேய், ரேட் பார்க்க வந்தவன் செத்தவன் ஆன்லைன்ல இருக்கான்னு ஓடுறான். இது காசு மாத்துற கடையா, கபுர்ஸ்தானாடா?"

என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் காட்டுங்கள். மெஷினிடம் காட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் இப்படி மின்னஞ்சலில் எழுத வேண்டியிருக்கிறது.

இக்மல்

ஜொகூர் பாரு
6 ஆகஸ்டு

இக்மல்,

ஒரு வருஷம் கழித்து எழுதுகிறாய். "எப்படி இருக்கீங்க" என்று ஒரு வார்த்தை இல்லை. நீ மாறவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன் நீ. நான் ஈரத் தலையோடு நிற்கிறேன், வந்தவர்கள் இன்னும் இலையில் உட்காரவில்லை. நீ நேரே என்னிடம் வந்து, "அண்ணி, சர்வர் டவுன். பாஸ்வேர்டு என்ன?" என்றாய். என் அண்ணன் மெய்யநாதன் உன்னைப் படியில் இறக்கிவிடப் பார்த்தார். நான்தான் தடுத்துப் பாஸ்வேர்டைச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கசந்தது. அது என் பெயரும் எங்கள் கல்யாண வருஷமும். அதை அத்தனை பேர் முன்னால் என் வாயால் சொல்ல வைத்தாய்.

அந்தப் பாஸ்வேர்டை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. நான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். உன் மெஷினுக்குள் நான் போகவில்லை.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அவர் முகம் வேறு எந்தக் கடைப் பெயரில் வருகிறது? எந்த நாளிலிருந்து? அது தெரியும்வரை எதையும் தொடாதே.

கோகிலா

சூலியா தெரு
7 ஆகஸ்டு

அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள்? (கேட்டுவிட்டேன்.)

உங்கள் கேள்விக்குப் பதில். ஜூலை நடுவில் தொடங்கியிருக்கிறது. மாமாவின் பெயரில் மட்டும்தான் புகார். மெஷினை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். மாமாவின் போனில் சேர்ந்து கிடந்த பழைய பக்கங்களை அழித்துப் பார்த்தேன். பெயர்கள் சரியான எண்ணுக்குத்தான் வருகின்றனவா என்றும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, முகம் மட்டும் போகவில்லை.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இந்த மெஷின் ஒரு கடைவீடு மாதிரி. தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே ஆறு அறைகள். வருகிறவர் வாசலில் ஒரு பெயரைச் சொல்வார், மெஷின் அந்தப் பெயருள்ள அறைக்கு அனுப்பும். அண்ணனின் சொந்தப் பக்கமும் ஓர் அறைதான், ஏழாவது.

மாமாவின் கதை பாதி பிடிபட்டது. அவருடைய அறைக்கதவில் முழுப் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறது. முன்னால் இருக்கிற அந்த மூன்று டபிள்யூவைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டுத் தட்டுகிறவர்களை மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. சுருக்கப் பெயரையும் சேர்த்து எழுதினேன். மாமாவுக்குச் சரியாகிவிட்டது. ஆனால் அடையாளம் தெரியாதவர்களை மெஷின் ஏன் அண்ணனின் அறைக்கு அனுப்புகிறது? அது இன்னும் பிடிபடவில்லை. இப்போதும் யாராவது தப்பான பெயரைத் தட்டினால் அவர்தான் வருகிறார். அதனால் மாமா இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

வந்து போகிறவர்களின் பதிவைத் தோண்டினேன். தினமும் காலையில் யாரோ ஒருவர், என் ஃபைல் எதிலும் இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார். "கோகிலா அச்சார்" என்று. அந்தப் பெயருக்கு இங்கே அறையே கிடையாது. வருகிறவருடைய இணைய எண் ஜொகூரைக் காட்டுகிறது.

என்ன இது?

இக்மல்

ஜொகூர் பாரு
10 ஆகஸ்டு

இக்மல்,

அது என்னுடையது. அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த பெயர்.

பாலிக் புலாவ் தோட்டத்து ஜாதிக்காயில் நான் அச்சார் ஊறுகாய் போடுவேன். உனக்குச் சொல்லத் தேவையில்லை, பாட்டிலோடு தின்றிருக்கிறாய். அதை ஊருக்கே விற்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் பிறந்தநாளுக்கு அந்தப் பெயரை வாங்கி, உங்கள் மெஷின் பக்கம் திருப்பிவிட்டார். "வெப்சைட் எங்கே?" என்றேன். "பேரு வாங்கியாச்சுலா. வீடு அடுத்த வாரம் கட்டுறேன்" என்றார். எத்தனையோ அடுத்த வாரம் வந்தது. பிறகு டெங்கு வந்தது.

இங்கே வந்த நாள் முதல், காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பெயரைத் தட்டுவேன். முதலில் ஒரு எச்சரிக்கை வரும். இந்த இடம் பாதுகாப்பானதில்லை, திரும்பிப் போங்கள் என்று. அடியில் சின்ன எழுத்தில், தொடர்வது உங்கள் பொறுப்பு என்று இருக்கும். நான் தொடர்வேன். உள்ளே வெள்ளைப் பக்கம், உச்சியில் நடுவில் ஒரு "உ". வேறொன்றும் இல்லை. அவர் எதை ஆரம்பித்தாலும் போடுகிற பிள்ளையார் சுழி. ஆரம்பிக்கத்தான் நினைத்தார் என்பதற்கு அது போதும் எனக்கு. பஸ் வந்துவிடும், ஏறிவிடுவேன்.

முதல் வருஷத் திதி அன்றைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தட்டினேன். "உ" இல்லை. அவர் இருந்தார்.

என் பெயருக்குள், இக்மல். நீலச் சட்டையில். பச்சைப் புள்ளியோடு. "இருக்கிறேன். சொல்லுங்க."

அந்தப் படம் அவருடைய சொந்தப் பக்கத்தில் இருப்பதுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் பெயரில் அது ஒருநாளும் வந்ததில்லை. அங்கே கொண்டுவந்து வைத்தது யார்? பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் யார் யார் என்று நீயேதான் எழுதினாய். நான் செய்யவில்லை. நீயும் செய்யவில்லை என்கிறாய். மிச்சம் யார்?

சொல்லுங்க என்றார், சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் நின்று வாய்விட்டுக் கேட்டேன், பினாங்குக்கே திரும்பி வந்துவிடவா என்று. மறுநாள் தட்டினேன், இருந்தார். அதற்கடுத்த நாளும் இருந்தார். வேலையை விட்டுவிட்டேன். கிளினிக்கில் இந்த மாதக் கடைசிவரைதான். பினாங்கில் எங்கள் சுங்கை பினாங் ஃபிளாட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறவர்களைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. மெய்யநாதன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது, "செத்தவன் கூப்பிட்டான்னு வேலையை விட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

நீ தேடுவதை நிறுத்திவிடு, தம்பி. கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வாய்?

கோகிலா

சூலியா தெரு
11 ஆகஸ்டு

அண்ணி,

கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் சொன்ன "உ" தான் காட்டிக்கொடுத்தது.

முதல் கடிதத்தில் எழுதியதைத் திருத்துகிறேன். உடைத்தது நான்.

மெஷின் தொடங்கும்போது அறைகளின் ஃபைல்களை ஆங்கில அகரவரிசையில் படிக்கும். முதலில் படிப்பது எதுவோ, அதுதான் பெயர் தெரியாதவர்கள் போகும் அறை. அப்படி யாரும் எழுதி வைக்கத் தேவையில்லை, அதுவே எடுத்துக்கொள்ளும். அண்ணனுக்கு அது தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்படி, மூன்று பூஜ்யம் போட்டுப் பிள்ளையார் பெயரில் ஒரு ஃபைல் வைத்திருந்தார். அதற்குள் ஒரு வெள்ளைப் பக்கம், ஒரு சுழி, அவ்வளவுதான். வழி தவறி வருகிறவர்கள் எல்லாரும் அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்களும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

நான் அதைச் சம்பிரதாயம் என்று நினைத்தேன். அந்த மனுஷன் புது கேபிள் பெட்டியில்கூட மார்க்கரால் சுழி போடுவார். எந்தக் கடைக்கும் சம்பந்தமில்லாத ஃபைல், உள்ளே ஒரே ஓர் எழுத்து. ஜூலையில் சுத்தம் செய்யும்போது அழித்துவிட்டேன். அகரவரிசையில் அடுத்த ஃபைல் அரவிந்த். அன்றிலிருந்து வழி தவறியவர்கள் எல்லாரும் அவர் அறைக்குப் போகிறார்கள்.

மாமாவிடம் சொன்னேன். முதலில், "ஆமாடா, முன்னாடி சில நேரம் அந்த உ வரும். நெட்டு ஸ்லோன்னு நெனச்சு மறுபடி தட்டுவோம்" என்றார். ஒரு வருஷமாக இதை என்னிடம் சொல்லவில்லை! அப்புறம் என் தலையில் தட்டினார். "உங்க அத்தா கடைக் கல்லாவுல பிஸ்மில்லாவுக்கு 786 எழுதியிருந்தாருலா? வெத்து நம்பருன்னு அதையும் அழிச்சிருவியா நீ?" அத்தா கல்லாவில் கை வைத்திருந்தால் என் விரல் இப்போது இருந்திருக்காது.

ஆகவே அண்ணி, உங்களை யாரும் கூப்பிடவில்லை. நான் ஒரு ஃபைலை அழித்தேன், அவ்வளவுதான் நடந்தது. மாதம் இன்னும் முடியவில்லை, கிளினிக்கில் போய் வேலையைத் திரும்பக் கேளுங்கள்.

அழித்த ஃபைலின் நகல் இருக்கிறது. திரும்ப வைப்பது அரை நிமிஷ வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் முகம் போகாவிட்டால் மற்றக் கடைக்காரர்களிடமும் பேசி ஆறு கடையையும் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். அப்படிக் கொடுத்தால் இந்த மெஷினையே அணைத்துவிடுவார்கள். ஆனால் நகலை வைத்தால் உங்கள் பெயரில் மறுபடி "உ" தான் வரும், அவர் வரமாட்டார். உங்களைக் கேட்காமல் வைக்கக் கை வரவில்லை.

இக்மல்

ஜொகூர் பாரு
13 ஆகஸ்டு

இக்மல்,

படித்தேன். நீ எழுதியது எல்லாம் புரிந்தது. நன்றாகத்தான் விளக்குகிறாய், பல் டாக்டர் மாதிரி.

ஒன்று மட்டும் புரியவில்லை. வருஷம் முழுக்க அந்த ஃபைல் அங்கேயே இருந்திருக்கிறது. நீ தினமும் உள்ளே போகிறவன். மற்ற நாளெல்லாம் அது உன் கண்ணை உறுத்தவில்லை. திதி அன்றைக்கு ஏன் அழித்தாய்?

அதற்கு உன் மெஷினில் பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் அவர் உன் கையைப் பிடித்துச் செய்தார் என்றுதான் நான் வைத்துக்கொள்வேன்.

கோகிலா

சூலியா தெரு
14 ஆகஸ்டு

அண்ணி,

மெஷினில் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது. எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

அன்று காலை மாமாவின் கடையில் பேப்பரைப் புரட்டினேன். உங்கள் அண்ணன் போட்ட முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. கட்டம் கட்டி, சுற்றிப் பூப் போட்டு, உள்ளே அரவிந்த் அண்ணனின் படம். நீங்கள் சொந்தக்காரர்கள். சோறு வைப்பீர்கள், காக்காய் வரும். எனக்கு என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு பாத்திஹா ஓதுவோம். அவருக்கு ஓதலாமா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

மாடிக்குப் போனேன். அலமாரியைத் துடைத்தேன். மெஷினின் ஃபேனில் அப்பியிருந்த தூசியை பிரஷ் வைத்து எடுத்தேன். அதுவும் போதவில்லை. உள்ளே போய், தேவையில்லாதது என்று பட்டதையெல்லாம் அழித்தேன். கபுரைச் சுற்றிப் புல் வெட்டுவார்களே, அந்த மாதிரி. வெட்டும்போது அந்தச் சுழியும் போய்விட்டது.

அதனால்தான் அதே நாள். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் செய்தது அவருக்காகத்தான். இதில் உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவைத் தோண்டியபோது, அண்ணனின் முகத்தைத் தினமும் பார்ப்பவர்கள் இரண்டு பேர் என்று தெரிந்தது. ஒன்று ஜொகூர், காலையில். இன்னொன்று இங்கே பினாங்கில் ஜெலுத்தோங், மதியச் சாப்பாட்டு நேரம். அந்த எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது என்னுடையது. நான் வழி தவறிப் போகவில்லை, அவருடைய பெயரைச் சரியாகத் தட்டித்தான் போகிறேன், ஒரு வருஷமாக. தட்டில் மீ கோரேங் நூடுல்ஸ் ஆறிப்போகும், பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினாறாம் நாளும் அதுதான். சர்வர் டவுன் என்று சொன்னேன். ஆறு கடையும் விழுந்து கிடந்தது, உண்மை. அவர் பக்கமும் விழுந்து கிடந்தது. காலையில் தட்டிப் பார்த்தேன், வரவில்லை. அந்த வீட்டில், அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? பாஸ்வேர்டு என்று கேட்கத்தான் எனக்குத் தெரிந்தது.

நாளை வெள்ளி. சொல்லுங்கள்.

இக்மல்

ஜொகூர் பாரு
15 ஆகஸ்டு

இக்மல்,

வைத்துவிடு.

கோகிலா

ஜொகூர் பாரு
20 ஆகஸ்டு

இக்மல்,

சனிக்கிழமை காலையில் தட்டினேன். "உ" வந்துவிட்டது. சுற்றிலும் வெள்ளை. முன்னாலும் இவ்வளவு வெள்ளையாகவா இருந்தது? ஞாபகமில்லை. பஸ் வந்து போனது, நான் ஏறவில்லை.

கிளினிக்கில் கேட்டுப் பார்த்தேன். "ஆள் போட்டாச்சும்மா" என்றார்கள். அந்தப் புதுப் பெண்ணுக்கு மருந்து அலமாரி எங்கே என்ன என்று நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஃபிளாட்டுக்காரர்களும் காலி செய்துவிட்டார்கள். சாவி தபாலில் வந்திருக்கிறது. ஆகவே யாரும் கூப்பிடாத வீட்டுக்கு நான் வருகிறேன். கூப்பிட்டார் என்று நம்பிக்கொண்டு வந்திருந்தால் அங்கே வந்து அவரைத் தேடியிருப்பேன். அறை அறையாகத் தேடியிருப்பேன். இப்போது அது வேண்டாம். அது உன்னால்தான். நன்றி சொல்கிறேனா, திட்டுகிறேனா, எனக்கே தெரியவில்லை.

சுழி போட்டுவிட்டு அவர் போய்விட்டார். அதற்குக் கீழே யாராவது எழுதித்தானே ஆக வேண்டும். அந்தப் பெயருக்கு ஓர் அறை கட்டு. எழுதவேண்டியதை நான் எழுதி அனுப்புகிறேன், அதை மட்டும் போடு. உன் பங்குக்கு எதையும் சேர்க்காதே, அச்சார் வாங்க வருகிறவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள்.

அவருடைய சொந்தப் பக்கம் இருக்கட்டும். நீ சாப்பிடும்போது பார்க்க ஒன்று வேண்டும். பச்சைப் புள்ளியை மட்டும் எடுத்துவிடு. அது பொய். அதைப் பார்த்துத்தான் நான் பேசினேன்.

வாட்ஸ்அப்பில் பிளாக்கை எடுக்கப்போவதில்லை. நீ கடிதத்தில்தான் மனுஷன் மாதிரி பேசுகிறாய்.

கோகிலா

சூலியா தெரு
23 ஆகஸ்டு

அண்ணி,

உங்கள் பெயருக்கு அறை கட்டியாகிவிட்டது. எச்சரிக்கை இனி வராது, பூட்டுச் சாவியோடு முறையாகப் போட்டிருக்கிறேன். உச்சியில் "உ", கீழே காலி. பிள்ளையார் ஃபைலைத் தொடக்கூடாது என்று அலமாரியில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாமா அதற்குப் பக்கத்தில் 786 எழுதிவிட்டுப் போனார். "ரெண்டு பேரும் பார்த்துக்கட்டும்லா" என்றார். கடைகளும் எங்கேயும் போகவில்லை.

பச்சைப் புள்ளியை எடுத்துவிட்டேன். ஒரே வரிதான், அழிக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. "இருக்கிறேன். சொல்லுங்க" என்பதை எடுக்கச் சொல்லி நீங்கள் எழுதவில்லை. அதனால் எடுக்கவில்லை. சொன்னால் எடுப்பேன். சொல்லாதீர்கள்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். நேற்று மதியம் நான் அவர் பக்கத்தைத் திறக்கவில்லை. ஒரு நாள் பார்க்காமல் இருந்துதான் பார்ப்போமே என்று, மீ கோரேங்கைச் சூடாகவே தின்றேன். சாயங்காலம் பதிவை எடுத்து, என் எண்ணை வடிகட்டினேன். உங்கள் எண்ணையும் வடிகட்டினேன். ஊர் ஊராக வெப்சைட்டுகளைத் தட்டித் திரியும் ரோபோ புரோகிராம்களையும் வடிகட்டினேன். ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஒன்று மிஞ்சியது. அவர் பக்கம் ஒரு முறை திறக்கப்பட்டிருக்கிறது, நான் வழக்கமாகப் பார்க்கிற அதே நேரத்தில்.

புது ரோபோவாக இருக்கும். என் வடிகட்டியில் ஓட்டை இருக்கும். எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி தட்டினால் தெரிந்துவிடும்.

தட்டவில்லை.

இக்மல்